பேராதனையின் 'வல': பல்கலைக்கழகத்துக்குள் ஓர் அரங்கம் எதற்கு?

மகளுக்குப் பேராதனையில் கலைப்பீடம் கிடைத்திருக்கிறது என்று ஒரு தந்தை எழுதியிருந்தார். கூடவே மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். பல்கலைக்கழகத்துக்குள் நாடக அரங்கம், ஓவியக்கூடம் என்றெல்லாம் எதற்காகக் கட்டி வைக்கிறார்கள், அந்தக் காசுக்கு இன்னொரு ஆய்வுகூடம் கட்டினால் ஆகாதா? 'வல', 'வல' என்று அங்கே படித்தவர்கள் எல்லோரும் உருகுகிறார்களே, அது என்ன? கடைசியாக, சிங்கள நாடகம் நடக்கிற இடத்தில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு என்ன வேலை?

அந்த மூன்றாவது கேள்விக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முதல் இரண்டுக்கும் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

முதலில் இடத்தைச் சொல்கிறேன். 'வல' என்றால் சிங்களத்தில் பள்ளம், குழி. ஹந்தான மலையின் அடிவாரத்தில் நிலம் தானாகவே குழிந்திருக்கும் ஓர் இடம். சரிவில் படிபடியாக உட்கார இடம், அடியில் மேடை, தலைக்கு மேலே வானம். அவ்வளவுதான். கூரை கிடையாது, மெத்தை நாற்காலி கிடையாது. இப்போது அதன் முறையான பெயர் சரச்சந்திர திறந்தவெளி அரங்கம். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஒரு கணம் யோசிப்பார்கள், 'வல' என்றால் உடனே கை காட்டுவார்கள்.

பேராதனை வளாகம் அழகுக்காகவே பேர்போனது. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு வந்தது. பற்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் வளாகத்தின் திட்டத்தை வகுத்தார்கள், சேர்லி டி அல்விஸ் கட்டடங்களை வடிவமைத்தார். செனட் மண்டபத்தின் முன்னால் நின்று படம் எடுக்காத ஆள் இல்லை. இவ்வளவு திட்டமிட்ட வளாகத்தில், அதிகம் கட்டாமல் நிலத்தின் போக்கிலேயே விட்டுவைத்த ஓர் இடம்தான் நாட்டின் நாடக வரலாற்றில் பெயர் பெற்றது. எனக்கு அது எப்போதும் பிடித்த விஷயம்.

நான் மட்டக்களப்புப் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை. பேராதனைக்குப் போன முதல் வருடம் என் சிங்களம் பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும் அளவுக்குத்தான் இருந்தது. அறைத் தோழன் ஒருவன் கட்டாயப்படுத்தி ஒரு மாலை 'வல'வுக்குக் கூட்டிப் போனான். விரிக்கப் பழைய பத்திரிகைத் தாள், போர்த்தச் சால்வை. நாடகம் தொடங்கியது. மேடையோரத்தில் ஒருவர் வந்து நின்று கதையைப் பாடி அறிமுகம் செய்தார். பின்னால் ஒரு பாட்டுக் குழு அடியெடுத்துத் திருப்பிப் பாடியது. அரசன் வரவு. தாளத்துக்குக் கால் வைத்து ஆடிக்கொண்டே மேடையைச் சுற்றி வந்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வார்த்தை ஒன்றும் புரியவில்லை, ஆனால் இது எங்கள் ஊர்க் களரியில் நான் விடிய விடியப் பார்த்ததுதான் என்று காலுக்குப் புரிந்துவிட்டது. ஊரில் என் தாய்மாமன் ஆடிய கூத்தின் தூரத்துச் சொந்தம் யாரோ மலைநாட்டுப் பள்ளத்தில் நின்று சிங்களத்தில் பாடுவது போல இருந்தது.

அது வெறும் பிரமை இல்லை என்பதைப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எதிரிவீர சரச்சந்திர பேராதனையில் பேராசிரியராக இருந்தவர். 1914இல் பிறந்தவர், பாளி, சிங்களம், மெய்யியல் எல்லாம் கற்றவர். அந்தக் காலத்துப் பல்கலைக்கழக மேடை என்றால் ஆங்கிலத் துறைப் பேராசிரியர் லுடோவைக்கின் நாடகச் சங்கம்தான். ஐரோப்பிய நாடகங்களை நல்ல தரத்தில் போட்டார்கள். சரச்சந்திரவும் அந்த வழியில்தான் தொடங்கினார். ரஷ்ய எழுத்தாளர் கொகோலின் ஒரு நாடகத்தைத் தழுவி 1945இலேயே சிங்களத்தில் ஆக்கியிருக்கிறார். ஆனால் தழுவல் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது இரவல் சட்டைதானே. சிங்களத்துக்கென்று ஒரு நாடக வடிவம் எங்கே இருக்கிறது என்று அவர் ஊர் ஊராகத் தேடப் போனார். கோலம், சொக்கரி, 'நாடகம' (பாட்டும் ஆட்டமுமாக நடக்கும் சிங்களக் கூத்து) என்று கிராமத்தில் மிச்சமிருந்த ஆட்டங்களைப் பார்த்து, கேட்டு, எழுதி, 1952இல் சிங்கள நாட்டார் நாடகம் பற்றி ஆங்கிலத்தில் ஓர் ஆய்வு நூல் வெளியிட்டார். பிறகு ஜப்பானுக்குப் போய் அந்த நாட்டு மரபு நாடகங்களான நோ, கபுக்கி இரண்டையும் கிட்ட இருந்து பார்த்தார். பழைய வடிவத்தைப் பழையதாகவே வைத்துக்கொண்டு இன்றைய மனிதனுக்குப் பேச முடியும் என்ற துணிவு அங்கேதான் அவருக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

திரும்பி வந்து அவர் செய்த காரியத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். தென்கரையிலிருந்து நாடகம தெரிந்த முதிய ஆசான் சார்ள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சேயைப் பேராதனைக்கு அழைத்து வந்தார். பட்டம் இல்லாத கிராமத்துக் கலைஞர் பல்கலைக்கழக மாணவர்களுக்குப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக் கொடுத்தார். ஆய்வு நூல் எழுதிய பேராசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அப்படிப் பிறந்ததுதான் 'மனமே'. தமிழ்க் காதுக்கு நெஞ்சை விளிப்பது போலக் கேட்கும், ஆனால் அது இளவரசனின் பெயர்.

கதை ஜாதகக் கதை. தட்சசீலத்தில் வில்வித்தை கற்ற இளவரசன் குருவின் மகளை மணந்து காட்டுவழியே ஊர் திரும்புகிறான். வேடர் தலைவன் வழிமறிக்கிறான். இருவருக்கும் சண்டை. வாளைக் கேட்கும் கணவனிடம் அவள் என்ன செய்தாள் என்பதுதான் கதையின் முடிச்சு. ஜாதகம் அவளைத் துரோகி என்று தீர்ப்புச் சொல்லி முடித்துவிடுகிறது. சரச்சந்திர அங்கே ஒரு தயக்கத்தை வைத்தார். தனியாளாக நின்று போரிட்ட வேடனுக்காக அவள் இரங்குகிறாள், அந்த ஒரு கணத்தில் எல்லாம் கைமீறிப் போகிறது. குற்றம் யாருடையது என்று பார்ப்பவன் வீடு போகும் வரை யோசிக்க வேண்டும்.

1956 நவம்பர் 3ஆம் தேதி கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் 'மனமே' முதலில் மேடையேறியது. நடித்தவர்கள் பல்கலைக்கழக மாணவர்கள். அந்த ஒரு நாடகத்தோடு சிங்கள நாடகத்தின் திசையே மாறியது என்று சொல்வது மிகை ஆகாது. 1961இல் 'சிங்கபாகு' வந்தபோது அது 'வல'வில்தான் முதலில் அரங்கேறியது. தந்தை சிங்கத்தை மகன் எய்யும் அந்தக் கதையை, உள்ளே மலையும் இருட்டும் குளிரும் சேர்ந்திருக்கிற அந்தப் பள்ளத்தில் பார்ப்பதற்கும், நகரத்து மண்டபத்தில் பார்ப்பதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. சிங்கம் குகையிலிருந்து பாடி வரும்போது பின்னால் உண்மையான காடு இருக்கிறது.

இப்போது தமிழுக்கு வருகிறேன். சிங்கள நாடகம எங்கிருந்து வந்தது? பெயரே சொல்கிறது. தென்னிந்தியாவிலிருந்தும், மன்னார், யாழ்ப்பாணம், சிலாபம் பக்கத்துக் கத்தோலிக்கத் தமிழரின் கூத்திலிருந்தும் கரையோரச் சிங்களவர் எடுத்துத் தங்களுடையதாக்கிக்கொண்ட வடிவம் அது. சரச்சந்திர தன் ஆய்வில் இதை ஒளிக்கவில்லை. இன்னிசை, விருத்தம், சிந்து என்ற நம் பாட்டு வகைகளின் பெயர்கள் கொஞ்சம் உருமாறி நாடகமவில் இருக்கின்றன. எங்கள் ஊரில் கொப்பியைக் கையில் வைத்துப் பாட்டு எடுத்துக் கொடுக்கும் ஏட்டு அண்ணாவியார் அங்கே 'பொத்தே குரு' ஆகிறார், அதாவது புத்தகக் குரு. பழைய நாடகமவுக்கு அடிக்கும் மத்தளத்தைச் சிங்களத்தில் 'தெமள பெர' என்பார்கள். தமிழ்ப் பறை என்று பொருள். எனக்குச் சிலிர்த்ததற்குக் காரணம் இதுதான்.

ஆண்டைக் கவனியுங்கள். 1956 ஜூனில், சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கிய 'சிங்களம் மட்டும்' சட்டம் நிறைவேறியது. அதே வருடம் நவம்பரில், சிங்களத்தின் தேசிய நாடகம் என்று கொண்டாடப்பட்ட ஒன்று தமிழ்க் கூத்தின் எலும்புக்கூட்டின் மேல் எழுந்து நின்றது. பாராளுமன்றத்தில் ஒரு கதை, ஒத்திகை மண்டபத்தில் வேறு கதை. இரண்டும் ஒரே நாட்டில்தான் நடந்தன.

சரி, அதே வளாகத்தில் தமிழர் என்ன செய்தார்கள்?

தமிழ்ப் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை கொழும்புக் காலத்திலிருந்தே மாணவர்களுக்காக நாடகம் எழுதி வந்தவர். 1940இல் வந்த 'நானாடகம்' தொகுப்பைப் படித்தால் யாழ்ப்பாணத்து முற்றத்துப் பேச்சு அப்படியே கேட்கும். செந்தமிழ் பேசாத பாத்திரங்களை ஒரு தமிழ்ப் பேராசிரியரே எழுதியது அன்றைக்குச் சின்ன விஷயம் இல்லை. அவருடைய நாடகங்களைப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்துக்காக மேடையேற்றியவர் அவருடைய மாணவர் சு. வித்தியானந்தன். பின்னாளில் பேராசிரியராகி உலகம் அறிந்த கா. சிவத்தம்பி அந்த மேடைகளில் நடித்த மாணவர்.

வித்தியானந்தனுக்குச் சரச்சந்திரவின் வெற்றி ஒரு தூண்டுதல். பக்கத்துத் துறைக்காரர் நம் கூத்திலிருந்து கடன் வாங்கிய வடிவத்தில் இவ்வளவு செய்கிறார், மூலத்தை வைத்திருக்கும் நாம் அதைக் கூத்தாடிகளின் வேலை என்று ஒதுக்கி வைத்திருக்கிறோமே என்ற கேள்வி எழாமல் இருக்குமா? படித்த யாழ்ப்பாணத்தவர் அன்றைக்குக் கூத்தை அப்படித்தான் பார்த்தார்கள், சாதியும் அதில் கலந்திருந்தது. இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராக இருந்த வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார் கிராமங்களுக்குப் போய், கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைத் தேடினார். ஏட்டில் கிடந்த கூத்துகளைப் பதிப்பித்தார். மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகமும் மன்னாரின் என்றீக் எம்பரதோர் நாடகமும் அச்சில் வந்தது அவரால்தான்.

அப்புறம் 1962இல் 'கர்ணன் போர்'. மட்டக்களப்புக் கூத்தின் இரண்டு மரபுகளில் ஒன்றான வடமோடியில் அமைந்தது, ஆடியவர்கள் பேராதனை மாணவர்கள். பழக்குவதற்கு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் மலையேறி வந்தார். குணசிங்க குருன்னான்சே வந்த அதே வளாகம், அதே முறை. அடுத்து வந்த ஆண்டுகளில் 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' என்று வரிசையாக வந்தன. 'இராவணேசன்' கூத்தில் இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவர், கூத்தைச் சின்ன வயதிலேயே காலில் ஏற்றிக்கொண்டவர். கிராமத்து ஆட்டத்தை அறிந்த மாணவன், அதை ஆராய்ந்த பேராசிரியர், அதையே வாழ்க்கையாக வைத்திருந்த அண்ணாவியார் மூவரும் ஒரே ஒத்திகையில் நிற்பது வேறு எந்த நிறுவனத்தில் நடந்திருக்கும்? கோயில் திருவிழாவில் பேராசிரியர் பார்வையாளர். ஆய்வு மாநாட்டில் அண்ணாவியார் தகவலாளர். பல்கலைக்கழக அரங்கில் மட்டும்தான் இருவரும் வேலையாட்கள்.

உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுதான். நாடகத்துக்கு ஆய்வுகூடம் அரங்கமேதான். கூத்தின் தாளக்கட்டைப் புத்தகத்தில் நூறு பக்கம் எழுதலாம், ஆனால் ஒருவன் சலங்கை கட்டி ஆடிப் பார்க்கும்போதுதான் அந்த நூறு பக்கத்தில் எது சரி, எது பிழை என்று தெரியவரும். டிக்கெட் விற்றுத்தான் பிழைக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லாததால் அங்கே தோற்றுப் பார்க்கவும் முடியும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம் 1966இல் தன் நாடகப் பள்ளியோடு சேர்த்து ஒரு தொழில்முறை அரங்கத்தையும் தொடங்கியது. ஓகஸ்ட் வில்சன் என்ற கறுப்பின நாடகாசிரியரின் முக்கியமான நாடகங்கள் பல நியூயோர்க் வணிக மேடைக்குப் போகும் முன் அங்கேதான் முதலில் ஏறின. ஓவியக்கூடம் கேட்டீர்கள். ஒக்ஸ்போர்டின் அஷ்மோலியன் 1683இலேயே திறந்துவிட்டது, யேலின் கூடம் 1832. பொருளைக் கண்ணால் பார்த்துப் படிக்க வேண்டும் என்பதுதான் இரண்டுக்கும் அடிப்படை. இந்தியாவில் சாந்திநிகேதனின் கலாபவனத்தில் ராம்கிங்கர் பைஜின் சிற்பங்கள் வளாகத்து மரங்களுக்கிடையிலேயே நிற்கின்றன, மாணவர்கள் வகுப்புக்குப் போகும் வழியில் அவற்றைத் தாண்டித்தான் போகிறார்கள். தமிழ்நாட்டில் 1977இல் காந்திகிராமத்தில் சே. இராமானுஜம் நடத்திய நாடகப் பட்டறையிலிருந்துதான் அங்குள்ள நவீன நாடகக்காரர்கள் பலர் கிளம்பினார்கள். ஓவியக்கூடங்களைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், நான் நாடகத்துக்கே திரும்புகிறேன்.

பேராதனையில் நடந்த எல்லாவற்றையும் நான் கொண்டாட மாட்டேன். கூத்து எங்கள் ஊரில் ஒரு வருடத்து வேலை. சட்டம் கொடுப்பது (அவரவர் பாட்டை எழுதிக் கொடுப்பது), மாதக்கணக்கில் பழக்குவது, சலங்கை அணிவது, அடுக்குப் பார்ப்பது (முழு ஒத்திகை), பிறகு அரங்கேற்றம். மண்ணால் உயர்த்திக் கட்டிய வட்டக்களரியைச் சுற்றி நாலு பக்கமும் சனம் இருக்கும். விரிந்து நிற்கும் கரப்புடுப்பும் தலையில் கெருடம் என்ற முடியும் பாரமாக அழுத்த ஓர் ஆட்டக்காரன் வரவுக்கு மட்டும் எவ்வளவோ நேரம் ஆடுவான். ஆடுபவனின் தாய் முன்வரிசையில் இருந்து அழுவாள். விடியும்போதுதான் முடியும். இதை இரண்டு மணித்தியாலத்துக்குள் அடக்கி, ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடையில் ஏற்றியபோது போனது நேரம் மட்டுமில்லை. ஊரும் போய்விட்டது. பார்ப்பவர் ரசிகர் ஆகிவிட்டார், ஊரில் அவர் உறவினர்.

இந்தக் குறையைப் பிற்காலத்தில் வெளிப்படையாகப் பேசியவர்களும் பல்கலைக்கழகத்துக்காரர்களே. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இருந்த சி. ஜெயசங்கர் போன்றவர்கள், கூத்தை ஊரிலிருந்து எடுத்து மேடைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக ஊருக்குள்ளேயே, அந்தச் சமூகத்தோடேயே இருந்து கதையையும் பாத்திரங்களையும் திரும்ப யோசிக்க வேண்டும் என்றார்கள். கூத்து மீளுருவாக்கம் என்று அதற்குப் பெயர். மட்டக்களப்பின் சீலாமுனையில் அதைச் செய்து பார்த்தார்கள். எனக்கு மனம் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனாலும் 1962இல் வித்தியானந்தன் அந்த முதல் காரியத்தைச் செய்திருக்காவிட்டால், பின்னால் விவாதிக்க எவ்வளவு கூத்து மிஞ்சியிருக்கும் என்று யோசிக்கும்போது அவர் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை.

பேராதனைக்குப் பிறகு கதை வடக்குக்கும் கிழக்குக்கும் போகிறது. 1974இல் யாழ்ப்பாணத்தில், சேர் பொன். இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த இடத்தில், பல்கலைக்கழக வளாகம் வந்தது. முதல் தலைவர் க. கைலாசபதி. அது தனிப் பல்கலைக்கழகமான 1979இலிருந்து வித்தியானந்தன் துணைவேந்தர். பேராதனையில் நாடகத்தோடு வாழ்ந்த மனிதர் இப்போது ஒரு பல்கலைக்கழகத்தையே நடத்தினார். மருதனார்மடத்து இராமநாதன் சங்கீத அகாடமி வளாகத்தின் பகுதியாகி, பிறகு இராமநாதன் நுண்கலைக் கழகமாக வளர்ந்தது. 1982இல் இளமையிலேயே போய்விட்ட கைலாசபதியின் பெயரைத் தாங்கி நிற்கிறது யாழ் பல்கலைக்கழகத்தின் கைலாசபதி கலையரங்கு.

அந்தக் கலையரங்கு 'வல' போல அழகான இடம் இல்லை. சாதாரண மண்டபம். ஆனால் 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறியாள்கை செய்த 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை யாழ் பல்கலைக்கழக மாணவர் மேடையேற்றியபோது, அந்த மண்டபத்தின் பெயரும் வரலாற்றில் ஏறிவிட்டது. பிட்டுக்கு மண் சுமந்த சிவனை எல்லோருக்கும் தெரியும். இங்கே மண்ணைச் சுமந்தவர்கள் போருக்குள் அகப்பட்ட உழவரும் தாய்மாரும். பாடுநர், எடுத்துரைஞர் எல்லாம் அதில் உண்டு, கூத்திலிருந்து வந்தவர்கள்தான். மாணவர்கள் அதை மண்டபத்தோடு விடாமல் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். வெளியே சொல்ல முடியாததை அந்த மேடையில் கேட்டு சனம் அழுததை அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்கள் இன்றும் சொல்வார்கள். போர்க்காலத்தில் ஒரு பல்கலைக்கழக அரங்கம் என்ன வேலை செய்யும் என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

கிழக்கில் நடந்தது இன்னும் அழகானது. 1981இல் தொடங்கிய மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமானது. அது அமைந்த இடம் வந்தாறுமூலை. ஆம், செல்லையா அண்ணாவியாரின் ஊர்! 1960களில் அண்ணாவியார் பல்கலைக்கழகத்தைத் தேடி மலையேறிப் போனார், இருபது வருடம் கழித்துப் பல்கலைக்கழகமே அவருடைய ஊருக்கு இறங்கி வந்துவிட்டது. மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்ற மௌனகுரு அங்கே பேராசிரியரானார். தான் மாணவனாக ஆடிய 'இராவணேசன்' கூத்தைப் பல வருடங்களுக்குப் பிறகு அங்குள்ள மாணவர்களைக் கொண்டு புதிதாகச் செய்தார். பேராதனையில் இராவணனின் வீரம் எடுப்பாக நின்றது என்றால், போரைக் கண்ட மண்ணில் மண்டோதரியின் குரல் ஓங்கியது. அதே கதை, அதே அடவு, காலம் மட்டும் வேறு.

ஆகவே உங்கள் மகள் 'வல'வின் சரிவில் உட்காரும்போது அந்நியரின் வீட்டு விசேஷத்துக்குப் போனதாக நினைக்க வேண்டியதில்லை. அந்த வளாகத்து நாடகத்தில் நமக்குப் பாதிப் பங்கு இருக்கிறது. வந்தாறுமூலையின் மத்தளமும் தென்கரையின் பாட்டும் ஒரே மலைக்காற்றில் பழகிய இடம் அது. தமிழ்ப் பிள்ளைகள் பலர் நாலு வருடம் அங்கே படித்துவிட்டு 'வல'வுக்கு ஒரு தரம்கூடப் போகாமல் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். சிங்களம் தெரியாது என்பார்கள். எனக்கும்தான் தெரியாது. நாடகம் பார்த்துத்தான் கொஞ்சம் கற்றேன், அதுவும் பாட்டாக வந்த சிங்களம், இன்னும் மறக்கவில்லை.

சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன்.

கண்டிக்குப் போகும் ரயிலில் வந்தால் பேராதனைச் சந்திக்கு அடுத்து சரசவி உயன என்று ஒரு சின்ன நிலையம் வரும், அது வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது, கேட்டுவிட்டு ஏறுவது நல்லது. பஸ் என்றால் கலஹா வீதி வளாகத்துக்குள்ளாலேயே போகிறது. தமிழ் மாணவர்களின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் மண்டபங்களில் நடக்கும். பொறியியல் பீடத்து ஈ. ஓ. ஈ. பெரேரா அரங்கின் பெயரை அவள் முதல் மாதத்திலேயே கேள்விப்படுவாள். குறிஞ்சிக்குமரன் கோயிலுக்கு எப்படியும் போவாள், வளாகத்துத் தமிழ்ப் பிள்ளைகளை அறிமுகம் செய்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. நாடகச் செய்தியும் அங்கேயே காதில் விழும்.

'வல'வின் பார்வையாளர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவர்கள் மேடைக்குப் பணிந்தவர்கள் இல்லை. பிடிக்காவிட்டால் கூட்டமாக 'ஹூ' போடுவார்கள். புதிதாகப் போகும் பிள்ளைக்கு அது முரட்டுத்தனமாகத் தோன்றும். ஆனால் கொழும்பில் பெயர் எடுத்த குழுக்கள்கூட 'வல'வில் ஏறும்போது பயப்படுவதும், அங்கே கைதட்டு வாங்கினால் அதைப் பல வருடம் சொல்லிக்கொண்டிருப்பதும் இதனால்தான். நல்ல பாட்டு ஒன்று வந்தால் அதே கூட்டம் மூச்சுக் காட்டாமல் இருக்கும், சில பாட்டுகளுக்கு எல்லோரும் சேர்ந்து மெல்லப் பாடுவார்கள். ஆயிரக்கணக்கானோர் இருட்டில் முணுமுணுப்பதைக் கேட்பதற்காகவே ஒரு தடவை போகலாம்.

'மனமே'யோ 'சிங்கபாகு'வோ வருகிறது என்றால் கதையை முன்கூட்டியே படித்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். கதை தெரிந்துவிட்டால் மொழி பாதித் தடைதான். நேரத்தோடு போய் நடுப்பகுதியில் இடம் பிடிக்க வேண்டும், ஓரத்தில் இருந்தால் பாட்டுக் குழு தெரியாது. குடை கட்டாயம், மலைநாட்டு மழையை நம்ப முடியாது. மாலையில் வெயில் அடித்தாலும் இரவில் குளிரும், ஆகவே ஒரு தடித்த போர்வை. படியில் விரிக்க ஏதாவது வேண்டும், பழைய பத்திரிகை போதும். முடிய இரவு நேரமாகும். விடுதிக்குத் திரும்பும்போது சக மாணவிகளோடு கூட்டமாகவே நடந்து வரச் சொல்லுங்கள். வழி நெடுக எல்லோரும் அன்றைய பாட்டைத்தான் பாடிக்கொண்டு போவார்கள்.